மவுசு இழக்கும் முப்பத்திரண்டு

சட்டம் வாழ வைத்தது. விளையாட்டுப் போட்டிகளின் பட்டியல் ஓரங்கட்டியது. இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த ஒரு தோட்டாவின் ஏற்ற இறக்கம்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமமான திருப்புறத்தில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் திடுக்கிடுவதில்லை. பக்கத்துக் கோயிலில் யாரோ வெடி வழிபாட்டுக்குச் சீட்டு எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரும்புக் குழலில் மருந்தைக் கெட்டித்துக் கொளுத்தும் கதினா வெடி அது. நிஜத் துப்பாக்கி வெடிப்பது அபூர்வம். கிழக்கே மலையடிவாரத்துப் பக்கம் கேட்டால் மரச்சீனித் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கியிருக்கும். பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் தந்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அன்று முதல் ஊரில் ஒரு தனி மரியாதை. ஆனால் பன்றிக்கு வேண்டியது நீளக் குழல் துப்பாக்கி. இடுப்பில் செருகும் ஜாதி அதற்கு உதவாது.

கைத்துப்பாக்கி என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குச் சினிமாவில் பார்த்த பொருள். இல்லையென்றால் செய்தித்தாளில் படித்த பயங்கரம். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச்சாவடியில் தமிழகக் காவல்துறையின் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டதை எல்லையின் இரு பக்கமும் இன்னும் மறக்கவில்லை. பெரியவர்களின் பேச்சில் 1938 ஆகஸ்ட் 31 நெய்யாற்றின்கரை துப்பாக்கிச்சூடு இன்னும் வருகிறது. இப்படிப்பட்ட ஊரில், அதே பொருளை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் காகித வட்டத்தில் ஓட்டை போட்டு விளையாடும் மனிதர்கள் உண்டு என்று டீக்கடையில் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பார்ப்பதில் தப்பில்லை. 2016 டிசம்பர் இறுதியில் நாடு முழுவதும் 33.69 லட்சம் துப்பாக்கி லைசென்ஸ்கள் இருந்ததாக உள்துறை அமைச்சகம் கணக்குக் காட்டியது. அதில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டுக்கு இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். கேரளத்துக்குப் பத்தாயிரம்கூட இல்லை. வடக்கே கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கி வெடிப்பது அந்தஸ்தின் அடையாளம். நம் பக்கம் அந்த வேலையைச் சரவெடி பார்த்துக்கொள்கிறது.

இருந்தும் விளையாட்டு வளர்கிறது. திருப்புறத்திலிருந்து வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டரில், திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில், 2015ஆம் ஆண்டு 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய துப்பாக்கி சுடும் அரங்கம் இருக்கிறது. சுட வரும் பள்ளிப் பிள்ளைகள் கையில் எடுப்பது 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். கொஞ்சம் தேறிய பிறகு .22. அதற்கு மேல் ஒரு படி இருந்தது. அதுதான் .32. ஒரு காலத்தில் கைத்துப்பாக்கிக்காரர்கள் கனவு கண்ட அந்தப் படியில் இப்போது ஏறுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஏறினாலும் மேலே ஒன்றும் இல்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில், பதினெட்டு வயது ஜஸ்பால் ராணா 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார். துப்பாக்கி சுடுதல் என்றால் மகாராஜாக்களின் பொழுதுபோக்கு, பிகானீர் கர்ணி சிங்கின் ராஜ்ஜியம் என்று நினைத்திருந்த நாடு அன்றுதான் ஒரு மீசை முளைக்காத பையனின் கையில் இருந்த பிஸ்டலைப் பார்த்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு இந்தியாவில் பிஸ்டல் என்றால் ராணா, ராணா என்றால் சென்டர் ஃபயர்.

அதென்ன சென்டர் ஃபயர்? தோட்டாவின் அடிப்பாகத்தில் நடு மையத்தில் தீமூட்டும் பொட்டு இருந்தால் சென்டர் ஃபயர். பொட்டு தனியாக இல்லாமல் விளிம்பைச் சுற்றிலும் மருந்து தடவியிருந்தால் ரிம் ஃபயர். .22 ரிம் ஃபயர் வகை. மெலிந்த குரல், குறைந்த உதை, மலிவு விலை. சென்டர் ஃபயர் போட்டியில் குழல் விட்டம் 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம் என்கிறது சர்வதேச விதி. அதாவது .38 கூடச் சுடலாம். ஆனால் உலகமெங்கும் விவரம் தெரிந்தவர்கள் கையில் எடுத்தது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்ற தோட்டாவை. காரணம், அந்த வரம்புக்குள் உதை குறைவாகவும் குறி துல்லியமாகவும் இருப்பது அதுதான்.

இந்த எண்களை நம்பி மோசம் போகக்கூடாது. .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பாகம் என்று பொருள். அளந்து பார்த்தால் குண்டின் விட்டம் .312தான் இருக்கும். .38 என்று பெயர் வைத்திருப்பது உண்மையில் .357. பன்னிரண்டு போர் துப்பாக்கியில் பன்னிரண்டு என்பது விட்டமே அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை உருண்டையாக்கினால் குழலுக்குள் சரியாகப் போகுமோ அந்தக் கணக்கு. மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. 'கேலிபர்' என்பதற்குக் குழல் விட்டம் என்று எழுதினால் பாதிதான் சரி. பெயர் ஒன்று, விட்டம் வேறொன்று. லைசென்ஸ் புத்தகத்தில் 'போர்' என்றே இருக்கிறது. திருப்புறத்தில் பிரச்னையே இல்லை. மலையாளத்தில் துப்பாக்கி தோக்கு, தோட்டா திர. இரண்டுமே சின்ன வார்த்தை.

போதாக்குறைக்கு நம் நாட்டில் '.32' என்ற பெயரில் இரண்டு தனித்தனித் தோட்டாக்கள் உலவுகின்றன. ஒன்று ரிவால்வருக்கானது, மேலே சொன்ன ஸ்மித் அண்ட் வெஸன் லாங். இன்னொன்று பிஸ்டலுக்கானது, .32 ஏசிபி, 7.65 என்றும் சொல்வார்கள். ஜான் பிரௌனிங் 1899இல் பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனிக்காக உருவாக்கியது. பிரௌனிங் பெயர் தமிழனுக்குப் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால்தான். ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு ஆகாது. போட்டிக்களத்தில் முப்பத்திரண்டு என்று பேசினால் அது முதலாவது.

அந்த முதலாவது பிறந்தது 1896இல், அமெரிக்காவில். நியூயார்க் போலீஸ் கமிஷனராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் ஜனாதிபதியானவர், தன் காவலர்கள் எல்லாரும் ஒரே மாதிரி .32 கோல்ட் ரிவால்வர் வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பிறகு .38 வந்தது; போலீஸ் அதற்கு மாறியது; .32 அங்கே வயதானவர்களின் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. ஐரோப்பாவில் மட்டும் அதற்கு மறுவாழ்வு. மூக்கைத் தட்டையாக்கி, குண்டு முழுவதையும் பித்தளைக் கூட்டுக்குள் அமுக்கி, 'வாட்கட்டர்' என்ற பெயரில் பந்தயத் தோட்டாவாக்கினார்கள். கூர்மூக்குக் குண்டு காகிதத்தைக் கிழிக்கும். தட்டை மூக்கு, பஞ்சிங் மெஷின் மாதிரி வட்டமாக வெட்டும். ஓட்டை ஒன்பதில் இருக்கிறதா பத்தைத் தொடுகிறதா என்ற சண்டைக்கு இடமில்லை. ஜெர்மனியின் வால்தர், சுவிட்சர்லாந்தின் ஹேமர்லி, இத்தாலியின் பார்டினி எல்லாம் இந்தத் தோட்டாவுக்கென்றே பிஸ்டல் செய்தன. வால்தர் ஜிஎஸ்பி மாடலில் அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு மேல் பாகத்தை மட்டும் மாற்றினால் காலையில் .22, மாலையில் .32.

இந்தியாவில் .32 செல்வாக்குப் பெற்ற கதை வேறு. இங்கே அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்ல, சட்டம் எழுதியவர்கள்.

ராணுவத்தின் தோட்டா சிவிலியன் துப்பாக்கிக்குள் போகக்கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கவலை. 1857க்குப் பிறகு அந்தக் கவலை அவனைத் தூங்கவிடவில்லை. 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் .450 துப்பாக்கிகள் இந்தியாவுக்குள் வரத் தடை போட்டான். உடனே லண்டன் துப்பாக்கிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி .470, .465 என்று புதுப்புது அளவுகளில் செய்து யானை வேட்டைக்கார துரைமார்களுக்கு விற்றார்கள். நம் விவசாயிகளின் வீட்டில் இன்றைக்கும் இருக்கும் .315 ரைஃபிளும் இதே வழியில் வந்ததுதான். .303 ராணுவத்துக்கு, எனவே உனக்கு.315. ஒரு தோட்டா நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியே அல்ல. ராணுவம் அதைப் பயன்படுத்துகிறதா என்பதுதான் கேள்வி.

சுதந்திர இந்தியா 1959இல் புதுச் சட்டம் போட்டது. அது அமலுக்கு வந்த 1962இல் விதிகளும் வந்தன. எஜமான் மாறினாலும் கவலை மாறவில்லை. .38, .455, 9 மி.மீ. போன்ற ராணுவ, போலீஸ் தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் 'தடைசெய்யப்பட்ட போர்' என்று ஆயின. மிச்சம் இருந்தது .22, .25, .32 மாதிரியான சில்லறை அளவுகள். .22 உயிர் காக்க உதவாது என்ற நினைப்பு; .25 பொம்மை. ஆக, லைசென்ஸ் கிடைத்தவன் .32 வாங்கினான். 1980களின் நடுவில் தனியார் இறக்குமதிக்கும் கதவடைத்தபோது, ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த பழைய வெப்லி ஸ்காட் .32களுக்கு வந்தது யோகம். தாத்தா வாங்கியதைப் பேரன் லட்சக்கணக்கில் விற்றான். இங்கிலாந்தில் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டிய பொருளுக்கு இங்கே ரியல் எஸ்டேட் மாதிரி விலை ஏறியது.

1990களில் அரசே களத்தில் இறங்கியது. கான்பூர் ஆர்டினன்ஸ் தொழிற்சாலை .32 ரிவால்வர் செய்தது. புதிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. பழைய வெப்லி மார்க் 4 ரிவால்வரின் வடிவத்தை எடுத்து .32க்குச் சுருக்கினார்கள். நடுவில் மடித்தால் பிளந்துகொள்ளும், ஆறு குண்டு போடலாம். மேற்கு வங்கத்துத் தொழிற்சாலையிலிருந்து 'அஷானி' என்ற 7.65 பிஸ்டல் வந்தது. தோட்டா புனே பக்கத்துக் கட்கியில், 1869இல் தொடங்கிய வெடிபொருள் தொழிற்சாலையில் தயாரானது. அடிப்பாகத்தில் 'கே.எஃப்.' என்ற முத்திரையைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்கும் துப்பாக்கிக்காரர்கள் உண்டு. வேகம் போதாது, ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பது அவர்கள் ரொம்ப நாளாகப் படிக்கும் பல்லவி. வேறு வழியில்லாததால் அதையே வாங்கிச் சுடவும் செய்தார்கள்.

ஆக ஒரே தோட்டாவுக்கு இரண்டு பிழைப்பு. கான்பூர் ரிவால்வரில் அது நகைக்கடைக்காரரின், பெட்ரோல் பங்க் முதலாளியின் இடுப்பில் தொங்கியது. பெரும்பாலும் சுடப்படவே இல்லை. குட்டைக் குழலும் முரட்டு விசையும் கொண்ட அந்த ரிவால்வரை வைத்து 25 மீட்டரில் பத்தைத் தொடுவதெல்லாம் நடக்காத காரியம். பார்டினியிலோ வால்தரிலோ போட்டால் அதே தோட்டா நாணயம் அளவு இடத்தில் ஐந்து ஓட்டை போடும். ஆனால் அந்தத் துப்பாக்கியை இறக்குமதி செய்ய தேசியப் போட்டியில் குறிப்பிட்ட புள்ளி எடுத்துக் காட்டி, 'ரினௌண்ட் ஷாட்' என்ற தகுதியைப் பெறவேண்டும். பெயர்பெற்ற குறிகாரர் என்று தமிழில் சொல்லலாம். நல்ல துப்பாக்கி இருந்தால்தான் பெயர் பெற முடியும். பெயர் பெற்றால்தான் நல்ல துப்பாக்கி கிடைக்கும். இந்த வட்டத்தை உடைத்து உள்ளே போனவர்களில் பெரும்பகுதி ராணுவம், எல்லைப் பாதுகாப்புப் படை, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை போன்ற இடங்களில் இருந்தவர்கள், அல்லது வசதியான வீட்டுப் பிள்ளைகள்.

உள்ளே போனவர்கள் சாதித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் சமரேஷ் ஜங் ஐந்து தங்கம் வென்று சிறந்த வீரர் விருது வாங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் தோஹா. காய்ச்சலோடு களத்தில் நின்ற ராணா, சென்டர் ஃபயரில் 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்தப் போட்டியின் இரண்டாம் பாதியைப் பார்த்தவர்களுக்கு 590 என்றால் என்னவென்று தெரியும். இலக்கு மூன்று வினாடி முகம் காட்டும், ஏழு வினாடி மறையும். அந்த மூன்று வினாடிக்குள் தாழ்ந்திருக்கும் கையை உயர்த்தி, குறி பார்த்து, ஒரே ஒரு குண்டு. இப்படி முப்பது தடவை. உதையும் துப்பாக்கியின் எடையும் கையைச் சோதிக்கும். அன்று தனிநபர், அணி இரண்டிலும் சென்டர் ஃபயர் தங்கம் இந்தியாவுக்கு வந்தது. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் ஹர்பிரீத் சிங் தங்கம், விஜய் குமார் வெள்ளி.

உச்சம் அதுதான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் பட்டியலில் சென்டர் ஃபயர் இல்லை. அதே ஆண்டு இன்சியான் ஆசியப் போட்டியில் இந்திய அணி வெள்ளி வென்றது. 2018 ஜகார்த்தாவில் அங்கேயும் இல்லை. 2023இல் நடந்த ஹாங்சோ போட்டியிலும் இல்லை. ஒலிம்பிக்கில் இந்த வடிவம் எப்போதுமே இருந்ததில்லை. ஆசியாவும் காமன்வெல்த்தும்தான் அதன் வீடு. இரண்டு வீட்டிலும் படியேற்றவில்லை என்றான பிறகு அரசு வேலை, ரொக்கப் பரிசு, விருது என்று இந்தியாவில் ஒரு பதக்கத்தோடு வரும் எதுவும் முப்பத்திரண்டோடு வருவதில்லை. பெற்றோர் கணக்குத் தெரிந்தவர்கள். பாரிஸ் 2024இல் பிஸ்டலுக்கு ஐந்து போட்டிகள். மூன்றில் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், இரண்டில் .22. முப்பத்திரண்டுக்குப் பூஜ்யம்.

ஒரு விதி மாற்றம் ஒரு தோட்டாவைக் கொன்றுவிடும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. ஒலிம்பிக் ரேபிட் ஃபயர் போட்டியில் ஏதென்ஸ் 2004 வரை சுட்டது .22 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டா. உதையே இருக்காது. 2005இலிருந்து .22 லாங் ரைஃபிள்தான் என்று சர்வதேச சம்மேளனம் விதியை மாற்றியது. லட்சங்கள் கொடுத்து வாங்கிய குட்டைத் தோட்டா பிஸ்டல்கள் ஒரே ராத்திரியில் காட்சிப் பொருளாயின. இந்தியாவுக்கு அந்த மாற்றம் கெடுதல் செய்யவில்லை. சென்டர் ஃபயரிலும் கை தேர்ந்த ராணுவ சுபேதார் விஜய் குமார் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் புதிய விதிப்படி .22 லாங் ரைஃபிளில் வெள்ளி வென்றார்.

பெண்கள் கதை இன்னும் தெளிவு. சென்டர் ஃபயரின் அதே நடைமுறை, அதே முப்பதும் முப்பதும், .22 துப்பாக்கியோடு 1984 முதல் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2018 ஜகார்த்தாவில் ராஹி சர்னோபத் அதில் தங்கம் வென்றபோது ஆசியப் போட்டியில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஹாங்சோவில் மனு பாக்கர், ஈஷா சிங், ரிதம் சங்வான் அணிக்குத் தங்கம். பாரிஸில் மனு ஏர் பிஸ்டலில் ஒரு வெண்கலம், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொன்று; .22இல் நான்காம் இடம். அவருக்குப் பயிற்சி தந்தவர் வேறு யாருமல்ல, முப்பத்திரண்டின் நாயகன் ஜஸ்பால் ராணாதான்.

போட்டிப் பட்டியலை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. பதக்கக் கனவே இல்லாமல் சும்மா சுட வருகிறவர்களும் இருக்கிறார்கள்: ஓய்வுபெற்ற அதிகாரிகள், டாக்டர்கள், எஸ்டேட்காரர்கள். அவர்கள் கையிலிருந்தும் .32 நழுவுகிறது. முதல் காரணம் தோட்டா. பந்தயத்துக்கான வாட்கட்டர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஒரு.32 தோட்டாவின் காசில் பல .22 சுடலாம். .22 குண்டின் எடை 2.6 கிராம். .32 குண்டு சுமார் ஆறரை கிராம். ஏர் பிஸ்டல் ரவை அரை கிராம்தான். ஐநூறு ரவை ஒரு டப்பாவில் அடங்கும். ஒரு காலைப்பொழுதில் நூறு குண்டு சுட்டுப் பழகவேண்டிய விளையாட்டில் இந்த வித்தியாசம் மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் காகிதம். .32க்கு லைசென்ஸ் வேண்டும். போலீஸ் விசாரணை, கலெக்டர் அலுவலகம், புதுப்பித்தல், எத்தனை தோட்டா வாங்கினாய் எங்கே சுட்டாய் என்ற கணக்கு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். எப்போதும் எங்காவது ஒரு தேர்தல் நடக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. எல்லையில் இருப்பவனுக்கு இன்னொரு சங்கடம். லைசென்ஸின் செல்லுபடி கேரளத்துக்கு மட்டும் என்றால், திருப்புறத்துக்காரர் களியக்காவிளை தாண்டிக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் அதை எடுத்துப்போக முடியாது. மீன் வாங்கவும் சினிமா பார்க்கவும் பெண் எடுக்கவும் இல்லாத எல்லை, துப்பாக்கிக்கு மட்டும் சுவராக நிற்கும். 2019 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம், ஒரு லைசென்ஸ்காரர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. போட்டி வீரர்களுக்குச் சலுகை உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்குக் கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஏர் பிஸ்டலைப் பாருங்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீட்டருக்கு மேற்படாமலும் விசை 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்று காட்டி வாங்கி வரலாம். பத்து மீட்டர் நீளமுள்ள ஹால் போதும். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்து மாடியிலும்கூடச் சுடலாம். பந்தயத் தரத்து வெளிநாட்டு பிஸ்டலின் விலை லட்சத்தைத் தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் லட்சத்தை எண்ணி வைத்துவிட்டால் அதோடு வேலை முடிந்தது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் உலக அரங்குக்குப் போனதும் இந்த 4.5 மி.மீ. வழியாகத்தான். புதுக்கோட்டைப் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் வரை போனது பன்னிரண்டு போரில், பறக்கும் தட்டைச் சுட்டு.

அமெரிக்காவிலும் தோட்டாக்களுக்கு மவுசு ஏறி இறங்குகிறது. ஆனால் வேறு விதமாக. 1986இல் மயாமியில் வங்கிக் கொள்ளையரோடு நடந்த மோதலில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் செத்தார்கள். 9 மி.மீ. குண்டு போதுமான ஆழம் போகவில்லை என்று பழி விழுந்தது. 1990இல் .40 என்ற புதுத் தோட்டா வந்தது. நாட்டு போலீஸ் எல்லாம் அதற்குப் பாய்ந்தது. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களும் பின்னாலேயே போனார்கள். கால் நூற்றாண்டு கழிந்து, 9 மி.மீ. குண்டின் தரம் உயர்ந்துவிட்டது, உதையும் குறைவு என்று எஃப்.பி.ஐ. பழையதற்கே திரும்பியது. சுடுகளத்து ஆட்களும் திரும்பினார்கள். அங்கே தோட்டாவை உயர்த்துவதும் தாழ்த்துவதும் சந்தை. வாங்குபவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கடைக்குப் போவான். இங்கே வாங்குபவனுக்கு இன்னும் 9 மி.மீ.யும் கிடையாது, .40ஐத் தேடினால் அதுவும் கிடைக்காது. அந்தச் சண்டை நடந்ததே அவனுக்குச் சம்பந்தமில்லாத செய்தி.

வேடிக்கை என்னவென்றால், சுடுகளத்தில் தேய்ந்துவரும் .32 கடைப்பெட்டியில் இன்னும் ராஜாதான். 2012 டிசம்பர் தில்லிக் கொடூரத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தது. அரைக் கிலோ எடை, டைட்டானியக் கலவை, பெண்களின் கைப்பைக்கென்று விளம்பரம், விலை 1,22,360 ரூபாய். எந்தப் பெண் அந்த விலைக்கு வாங்குவாள், பஸ்ஸில் போகிறவளுக்கு இதனால் என்ன பயன் என்று அப்போதே கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளானது. அதில் கான்பூர் கம்பெனி 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற ரிவால்வரை இறக்கியது. உருளை பக்கவாட்டில் திறக்கும், ஐம்பது மீட்டர் வரை குறி எட்டும் என்றது அறிவிப்பு. 2020இல் வெப்லி ஸ்காட் கம்பெனியே உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்தில் கூட்டாளி பிடித்து .32 ரிவால்வர் செய்ய ஆரம்பித்தது. யாருடைய வடிவத்தைப் பார்த்து அரசு முப்பது ஆண்டு ரிவால்வர் செய்ததோ, அவர்களே கடை விரித்திருக்கிறார்கள். எல்லாம் .32. வேறு எண்ணுக்கு வழியில்லை.

விளையாட்டுக்காரர்கள் பக்கத்தில் இந்த ரிவால்வர்களுக்கு மதிப்பில்லை. அவர்களுக்கு வேண்டியது விசை மிருதுவாகவும் குழல் நீளமாகவும் உள்ள உள்நாட்டு பந்தய பிஸ்டல். அதைச் செய்ய ஆளில்லை. ஏர் துப்பாக்கியில் இந்தியத் தனியார் கம்பெனிகள் தலையெடுத்துவிட்டன. முப்பத்திரண்டில் கான்பூரின் கவனம் இடுப்பைத் தாண்டிக் களத்துக்கு வரவே இல்லை. இதைக் குறையாகத்தான் சொல்லவேண்டும். 1994இல் தங்கம் வந்த கையோடு ஒரு நல்ல இந்திய பந்தய பிஸ்டலும் கட்கியிலிருந்து நம்பகமான வாட்கட்டரும் வந்திருந்தால், ஆசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் கிளப்புகளில் அந்தப் போட்டி உயிரோடு இருந்திருக்கும்.

முற்றிலும் செத்துவிடவில்லை. 1951இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் தேசியப் போட்டிகளில் சென்டர் ஃபயர் இன்னும் நடக்கிறது. உலக சாம்பியன்ஷிப்பிலும் இருக்கிறது. 2025 நவம்பரில் கெய்ரோவில் ராணுவ வீரர் குர்பிரீத் சிங் 584 புள்ளிகள் எடுத்தார். உக்ரைன் வீரர் பாவ்லோ கொரோஸ்டிலோவும் அதே 584. பத்துக்குள் இருக்கும் உள்வட்டத்தை யார் அதிகம் தொட்டார்கள் என்று எண்ணிப் பார்த்ததில் தங்கம் அவருக்கு, வெள்ளி இவருக்கு. குர்பிரீத்துக்கு அப்போது வயது முப்பத்தேழு. முப்பத்திரண்டைத் தொடர்ந்து சுடுகிறவர்களில் பலரும் இப்படி யூனிஃபார்ம் போட்டவர்கள். தோட்டாச் செலவு அவர்கள் சட்டைப் பையிலிருந்து போவதில்லை.